சிங்டாவ் கடலோர நடைபாதையில் சீனம் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் ஷான்தோங் மாகாணத்தில், மஞ்சள் கடலை ஒட்டியிருக்கும் துறைமுக நகரம் சிங்டாவ். படிப்பு, கப்பல் வேலை, வணிகம் என்று இங்கே வந்து சேரும் தமிழர்களில் பலர், வகுப்பில் கற்ற சீனம் தெருவில் வாய்க்கு வரவில்லை என்று வருந்துகிறார்கள். அவர்களை நான் கடற்கரைக்கு அழைத்துப்போவது வழக்கம். நகரின் தென்கரை நெடுகப் போகும் நடைபாதையைப் போல அன்றாடச் சொற்களைக் கற்க ஏற்ற இடத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நடக்க வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை, அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எனக்கு ‘நீ ஹாவ்’ தவிர ஒன்றும் தெரியாது. அப்படியே நடக்க வரலாமா?

வரலாம். ஆனால் நான்கு வாக்கியங்களை மட்டும் வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வாருங்கள். ‘ஜெ4 ஷ்ழ்4 ஷென்2 மெ’ (இது என்ன?), ‘துவோ1 யுவான்3’ (எவ்வளவு தூரம்?), ‘த்ஹிங்1 பு தோங்3’ (புரியவில்லை), ‘ச்ஹிங்3 மான்4 யீ4 தியென்3’ (கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்). இவற்றில் வரும் எண்களும் விசித்திரமான எழுத்துக்கூட்டும் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதல் வாக்கியம் உங்களுக்குச் சொற்களைக் கொண்டுவந்து தரும். கடைசி இரண்டும் எதிரே பேசுகிறவரை உங்கள் வேகத்துக்கு இறக்கும். இந்த நான்கும் கையில் இருந்தால் பாதை முழுவதும் கேட்டுக்கொண்டே போகலாம்.

எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

ஜான்ச்சியாவில் தொடங்குங்கள். கடலுக்குள் 440 மீட்டர் நீளும் பழைய துறைப்பாலம் அது. அதன் முனையில் நிற்கும் மண்டபத்தின் படத்தைத்தான் சிங்டாவ் பீர் பாட்டிலின் மேல் பார்த்திருப்பீர்கள். சிங்டாவ் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கிருந்து கிழக்கே செம்பாறைகள் நிறைந்த லூ ஷுன் பூங்கா, முதலாம் கடற்குளியல் துறை, பழைய மாளிகைகள் நிறைந்த பாதாகுவான், பிறகு மே நான்கு சதுக்கம் என்று வரிசையாக வரும். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இரு முனைகளுக்கும் மூன்றாம் மெட்ரோ தடம் இருப்பதால் திரும்புவதில் சிரமம் இல்லை.

முதல் நாளிலேயே இவ்வளவும் வேண்டாம். ஜான்ச்சியாவிலிருந்து முதலாம் குளியல் துறை வரை போதும். இன்னும் கிழக்கே, கடலில் நிற்கும் ‘ஷ்ழ்2 லாவ்3 ழென்2’ (கல், முதிய, மனிதன்) என்ற பாறைத்தூணை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மெட்ரோ தடத்தில் போகலாம். முதியவர் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் போன்ற அதன் மேல்பகுதி 2022 அக்டோபரில் உடைந்து விழுந்துவிட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சொற்களை வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாமே? நடைபாதையில் அப்படி என்ன இருக்கிறது?

திசை இருக்கிறது. இந்தக் கரை மொத்தத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. ஜான்ச்சியாவிலிருந்து புறப்பட்டால் கடல் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம். அதுதான் தெற்கு, ‘நான்2’. இடக்கைப் பக்கம் நகரம். அது வடக்கு, ‘பேய்3’. முகம் பார்ப்பது கிழக்கு, ‘தோங்1’. முதுகுக்குப் பின்னால் மேற்கு, ‘ஷி1’. புத்தகத்தில் இந்த நான்கையும் படிக்கிறவர்கள் வாரக்கணக்கில் குழப்பிக்கொள்கிறார்கள். கடலை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தவர்கள் குழப்பிக்கொள்வதில்லை. யாராவது ‘வாங்3 தோங்1 ட்ஸோ3’ (கிழக்கே போங்கள்) என்று சொன்னால் உடம்பே திரும்பிவிடுகிறது.

இன்னொன்று, தேவை. தாகம் எடுத்த நேரத்தில் கேட்டு வாங்கிய ‘ஷ்வே3’ (தண்ணீர்) மறக்காது. கழிவறை தேடி அலைந்தபோது கேட்ட ‘ஷி3 ஷோ3 ஜியென்1’ எந்தக் காலத்திலும் மறக்காது. சொல்லுக்கு ஒரு இடமும் ஒரு அவசரமும் கிடைத்துவிட்டால் அது தானாகத் தங்கிவிடுகிறது. வீட்டு மேசையில் இரண்டையும் உண்டாக்க முடியாது.

தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாமா? வகுப்பில் கூடாது என்கிறார்களே.

நீண்ட காலப் படிப்புக்குச் சீனர்களின் உச்சரிப்பு எழுத்துமுறையைக் கற்றே ஆக வேண்டும். வகுப்பில் சொல்வது சரி. நடக்கும்போது சட்டென்று குறித்துக்கொள்ளத் தமிழ் எழுத்து போதும். ஆனால் ஒழுங்கு வேண்டும். ஒவ்வோர் அசைக்குப் பின்னும் தொனி (குரலின் ஏற்ற இறக்கம்) எண்ணை எழுதுங்கள்: 1 உயர்ந்து நேராக நிற்பது, 2 ‘அப்படியா?’ என்று வியப்போடு கேட்கும்போது கடைசியில் எழுவதைப் போல ஏறுவது; 3 தாழ்ந்து அடியில் கிடப்பது; 4 ‘போ!’ என்று அதட்டும்போது விழுவதைப் போல இறங்குவது. எண் இல்லாத அசையை லேசாகத் தொட்டுவிட்டுப் போகலாம்.

இந்தப் பக்கத்தில் ப, த, க என்று எழுதியிருப்பவை ‘பல்’, ‘தலை’, ‘கல்’ என்ற சொற்களின் முதல் ஒலிகள். ப்ஹ, த்ஹ, க்ஹ, ச்ஹ என்றிருந்தால் மூச்சைச் சேர்த்துத் தள்ள வேண்டும். ஜ என்று எழுதியிருப்பது உண்மையில் ‘பச்சை’யில் வரும் ச்ச; வேறு எழுத்து கைவசம் இல்லாததால் ஜ.

தமிழ் நாக்குக்கு எது எளிது, எது கடினம்?

பலரும் நினைப்பதைவிட நமக்குக் கிடைத்திருக்கும் வசதி அதிகம். மேலே சொன்ன ப, த, க மூன்றும் நம் வாயில் பிறவியிலேயே இருக்கின்றன. ‘ழென்2’ (மனிதன்), ‘ழோ4’ (இறைச்சி) ஆகியவற்றின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கம். மற்ற நாட்டு மாணவர்கள் திணறும் ‘ஷ்ழ்’ என்ற அசை, ஷகரத்தைச் சொல்லி நாக்கை எடுக்காமல் ழகரத்துக்குள் நீட்டினால் வந்துவிடும். கல் என்பதற்கும் பத்து என்பதற்கும் இதுவே ஒலி: ‘ஷ்ழ்2’.

கடினமானவை இரண்டு. முதலாவது, மூச்சு ஒலிகள். வாய்க்கு எதிரே ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு ‘பா1’ (எட்டு) என்று சொன்னால் தாள் அசையக் கூடாது; ‘ப்ஹா4’ (பயப்படு) என்று சொன்னால் துள்ள வேண்டும். கடற்காற்றில் இந்தச் சோதனை பலிக்காது, வீட்டில் செய்யுங்கள். இரண்டாவது, ‘யூ2’ (மீன்) என்பதில் வரும் உயிரொலி. ‘ஈ’ என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதடுகளை மட்டும் குவித்தால் அது வரும். பாலத்தில் தூண்டில் போடுகிறவர்களிடம் பேச இந்த ஒலி அவசியம்.

தொனி தவறினால் உண்மையிலேயே புரியாமல் போகுமா?

தனிச்சொல்லாகச் சொன்னால் போகும். ‘மாய்3’ வாங்குவது, ‘மாய்4’ விற்பது. ‘த்ஹாங்1’ சூப், ‘த்ஹாங்2’ சர்க்கரை. முழு வாக்கியமாக, கையும் காட்டிச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். அதனால்தான் சொல்லைத் தனியாகப் பழகாமல் வாக்கியத்தோடு பழகச் சொல்கிறேன்.

மூன்றாம் தொனியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மூன்றாம் தொனி அசைகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதல் அசை இரண்டாம் தொனியாக மாறிவிடும். ‘நீ3 ஹாவ்3’ என்பதை ‘நீ2 ஹாவ்3’ என்றே எல்லோரும் சொல்கிறார்கள். கடல்நீர், ‘ஹாய்3 ஷ்வே3’, பேச்சில் ‘ஹாய்2 ஷ்வே3’. குளியல் துறைகளின் பெயர்ப்பலகைகள் எல்லாவற்றிலும் ‘ஹாய்3 ஷ்வே3 யூ4 ச்ஹாங்3’ (கடல்நீர்க் குளியலிடம்) என்று இருக்கும். பலகையைக் கடக்கும்போதெல்லாம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். விதியைத் தனியாகப் படிக்க வேண்டியிருக்காது.

ஒரு நடைக்கு எத்தனை சொற்கள்?

ஏழெட்டு. ஐம்பது சொற்களின் பட்டியலோடு வருகிறவர்கள் கடலையும் பார்ப்பதில்லை, சொற்களையும் கொண்டுபோவதில்லை. ஏழெட்டில் பாதி ஏற்கெனவே தெரிந்த சொல்லோடு ஒட்டுவதாக இருக்கட்டும். ‘ஹாய்3’ தெரிந்தால் ‘ஹாய்3 ஓ1’ (கடற்காகம்) உடனே வரும். குளிர்காலத்தில் ஜான்ச்சியாவைச் சுற்றி அவை கூட்டம் கூட்டமாகப் பறக்கும். கடலோடு சேர்ந்த இன்னொரு சொல் ‘ஹாய்3 பா2’, அதாவது கடல்மட்டத்துக்கு மேலான உயரம். சீனாவின் மலை உயரங்களை எல்லாம் சிங்டாவில் அளந்த மஞ்சள் கடலின் சராசரி மட்டத்தை அடியாக வைத்தே கணக்கிடுகிறார்கள். நீங்கள் எந்தக் கடலை ஒட்டி நடக்கிறீர்கள் என்பது தெரிந்தால் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் வந்துவிடும்.

சீன எழுத்துகளையும் படிக்க வேண்டுமா? பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

எழுத வேண்டாம், அடையாளம் கண்டால் போதும். அதற்கு இந்தப் பாதையைவிட நல்ல இடம் இல்லை, ஏனென்றால் கண்ணில் படுவது பெரும்பாலும் நீரைப் பற்றிய எழுத்து. எழுத்தின் இடப்பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று சிறு துளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அதன் பெயர் ‘ஸான்1 தியென்3 ஷ்வே3’, மூன்று துளி நீர். கடல், அலை (லாங்4), அலையேற்றம் (ச்ஹாவ்2), விரிகுடா (வான்1), துறைமுகம் (காங்3) எல்லாவற்றிலும் அந்தத் துளிகள் உண்டு. மணற்கரை என்பதன் இரு எழுத்துகளிலும் (ஷா1 த்ஹான்1), நீந்துதல் என்பதன் இரு எழுத்துகளிலும் (யோ2 யோங்3), ஆழம் (ஷென்1), வழுக்கல் (ஹுவா2), மது (ஜியு3) என்பவற்றிலும் அவை இருக்கின்றன. ஒரு நாள் நடை முழுவதையும் துளி தேடுவதற்கே ஒதுக்கலாம். குழந்தைகளோடு வந்தால் அவர்களே முந்திக்கொள்வார்கள்.

அடுத்து, சதுரம். வாய் என்பதற்கான எழுத்து வெறும் சதுரக் கட்டம், ஒலி ‘க்ஹோ3’. உள்வழி, வெளிவழி இரண்டும் அந்தச் சதுரத்தில்தான் முடியும். கடல்தீவு என்னும் ‘தாவ்3’ எழுத்துக்குள் மலை உட்கார்ந்திருக்கும். மலை எழுத்து நடுவில் உயர்ந்த மூன்று முனைகள் கொண்டது. ஒருமுறை பார்த்தால் போதும்.

பாதாகுவானுக்குள் போனதும் தெருப்பலகைகளைப் படியுங்கள். தெருக்களுக்குச் சீனாவின் புகழ்பெற்ற கணவாய்க் கோட்டைகளின் பெயர்களை வைத்திருக்கிறார்கள். ‘குவான்1’ என்றால் கணவாய், ‘லு4’ என்றால் சாலை. ஒவ்வொரு பலகையும் ‘குவான்1 லு4’ என்று முடிவதால் இரண்டு எழுத்துகள் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. ‘ஷான்1 ஹாய்3 குவான்1 லு4’ என்ற தெருவின் முன் நின்றால் மலை, கடல், கணவாய், சாலை என நான்கையும் யாருடைய உதவியும் இல்லாமல் படித்துவிடுவீர்கள். முதன்முறை அப்படிப் படிக்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

முன்பின் தெரியாதவர்களிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது? தொந்தரவாக நினைக்க மாட்டார்களா?

நடைபாதையில் அவசரமில்லாதவர்களே அதிகம். தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் ‘தியாவ்4 தாவ்4 ல மா’ (மீன் கிடைத்ததா?) என்று கேளுங்கள். தூண்டில்காரர் இந்தக் கேள்விக்கு மகிழாமல் இருந்து நான் பார்த்ததில்லை; வாளியைத் திறந்து காட்டி, ஒவ்வொன்றின் பெயரையும் சொல்வார். பாதாகுவானிலும் அதன் அருகே உள்ள கரையிலும் திருமணப் படம் எடுக்கும் இணைகளைப் பார்ப்பீர்கள். ‘கோங்1 ஷி3’ (வாழ்த்துகள்) என்று சொல்லிவிட்டு நகருங்கள். நின்று பேச்சை வளர்க்க வேண்டாம், அவர்களுக்கு வெளிச்சம் போய்விடும்.

அழைக்கும் விதம் முக்கியம். பெற்றோர் வயதுப் பெண்ணை ‘ஆ1 யீ2’ (அத்தை, சித்தி போல), ஆணை ‘ஷு1 ஷு’ (சித்தப்பா போல) என்று அழைக்கலாம். டாக்ஸி, பஸ் ஓட்டுநரையும் கைத்தொழில் செய்பவரையும் ‘ஷ்ழ்1 ஃபு’ என்று அழைப்பது மரியாதை. முறைசொல்லி அழைத்துப் பழகிய நமக்கு இது இயல்பாகவே வரும்.

நான் கேட்டால் புரிகிறது. ஆனால் அவர்கள் பதிலை மடமடவென்று சொல்லும்போது ஒன்றும் பிடிபடவில்லை.

பதில் குறுகியதாக வரும்படி கேள்வியை அமையுங்கள். ‘பாதாகுவானுக்கு எப்படிப் போவது?’ என்று கேட்டால் ஒரு பத்தி வரும். கையை நீட்டி ‘பா1 தா4 குவான்1, வாங்3 தோங்1 ட்ஸோ3 மா?’ (பாதாகுவானுக்குக் கிழக்கே போக வேண்டுமா?) என்று கேட்டால் ஆம், இல்லை என்று ஒரு சொல் வரும். பிறகு ‘துவோ1 யுவான்3’ கேளுங்கள். இப்போது வருவது ஓர் எண். அதை மட்டும் பிடித்தால் போதும்.

அப்படியும் தப்பிவிட்டால் ‘ட்ஸாய்4 ஷுவோ1 யீ2 பியென்4’ (இன்னொரு முறை சொல்லுங்கள்). புரிந்ததாகத் தலையாட்டிவிட்டு நகர்வதுதான் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். தலையாட்டிய இடத்தோடு கற்றல் நின்றுவிடும்.

இங்கே உள்ளவர்கள் பேசுவது வகுப்பில் கேட்டதைப் போலவே இல்லையே?

இல்லைதான். சிங்டாவின் வட்டார வழக்கில் தொனிகளும் சில ஒலிகளும் பொதுச்சீனத்திலிருந்து விலகும். மட்டி என்பதற்குப் பொதுச்சீனத்தில் ‘கெ2 லி2’. இங்கே ‘கா லா’. குடிப்பதற்கு அங்கே ‘ஹெ1’. இங்கே முதியவர்கள் ‘ஹா’ என்பார்கள். பீர் குடித்து மட்டி தின்பதைச் சொல்லும் உள்ளூர்த் தொடர் ஒன்றில் இரண்டும் சேர்ந்து வரும். ஊர்க்காரர்கள் அதைப் பெருமையோடு சொல்வார்கள்.

நீங்கள் பொதுச்சீனத்தையே பேசுங்கள், எல்லோருக்கும் புரியும். இளைஞர்களும் கடைக்காரர்களும் உங்களிடம் பொதுச்சீனத்திலேயே பதில் சொல்வார்கள். ‘கா லா’ ஒன்றை மட்டும் கற்றுக்கொண்டு பயன்படுத்துங்கள், எதிரே இருப்பவர் முகம் மலர்ந்துவிடும்.

விலை கேட்டு வாங்கும்போது எண்கள் குழம்புகின்றன. என்ன செய்வது?

‘துவோ1 ஷாவ் ச்ஹியென்2’ (என்ன விலை?) என்று கேட்டால் பதில் ‘யுவான்’ என்று வராது, பேச்சில் ‘க்ஹுவாய்4’ என்பார்கள். இரண்டு யுவான் என்றால் ‘லியாங்3 க்ஹுவாய்4’. எண்ணும்போது வரும் ‘அழ்4’ இந்த இடத்தில் வராது. நான்கு (ஸ்ஸ்4), பத்து (ஷ்ழ்2) இரண்டும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும். அங்கே ழகரத்தின் நீட்சியையும் தொனியையும் கவனியுங்கள், அல்லது விரலைப் பாருங்கள். சீனர்கள் பத்து வரை ஒரே கையில் காட்டிவிடுவார்கள்: கட்டைவிரலும் சுண்டுவிரலும் நீட்டினால் ஆறு, கட்டைவிரலும் சுட்டுவிரலும் நீட்டினால் எட்டு. பத்துக்கு இரு சுட்டுவிரல்களைக் குறுக்காக வைப்பதும் உண்டு.

மீன், மட்டி, பழம் எல்லாம் ‘ஜின்1’ கணக்கில் விற்பனையாகும். ஒரு ஜின் 500 கிராம்தான். கிலோ வேண்டுமென்றால் ‘கோங்1 ஜின்1’. இங்கே பீரைக்கூட பிளாஸ்டிக் பையில் பிடித்து ஜின் கணக்கில் தருகிறார்கள். பணம் கொடுக்கும் நேரத்தில் ‘வோ3 ஸாவ்3 நீ3’ (நான் உங்களை ஸ்கேன் செய்கிறேன்) என்பதையோ ‘நீ3 ஸாவ்3 வோ3’ என்பதையோ கேட்பீர்கள். மூன்றும் மூன்றாம் தொனி. மேலே சொன்ன மாற்ற விதிக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

நான் சைவம். இந்தக் கடற்கரையில் எதைச் சொல்லிச் சாப்பிடுவது?

‘வோ3 ச்ஹ்ழ்1 ஸு4’ (நான் சைவம் சாப்பிடுகிறேன்). இது புரியும், ஆனால் போதாது. ‘ழோ4 வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், மீனும் இறாலும் இறைச்சிக் கணக்கில் சேராமல் தட்டுக்கு வந்துவிடலாம். எனவே ‘ழோ4, யூ2, ஹாய்3 ஷியென்1, தோ1 பு4 ச்ஹ்ழ்1’ (இறைச்சி, மீன், கடலுணவு எதுவும் சாப்பிட மாட்டேன்) என்று முழுவதும் சொல்லுங்கள். இந்த ஊரில் மீன் திணித்த கொழுக்கட்டை மிகவும் பிரபலம். ஆகவே ‘ஜியாவ்3 ட்ஸ்’ வாங்கும்போது உள்ளே என்ன என்று ‘ஷென்2 மெ’ போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஒரு கல், ஒரு படகு, ஒரு பாலம்: ஒவ்வொன்றுக்கும் இடையில் வேறு வேறு சொல் வருகிறதே, எப்படி நினைவில் வைப்பது?

அளவைச் சொற்களைப் பட்டியலாகப் படித்தால் தலை சுற்றும், வடிவமாகப் பாருங்கள். நீண்டு கிடப்பதற்கு ‘த்ஹியாவ்2’: சாலை, மீன், படகு. பெரிதாக ஊன்றி நிற்பதற்கு ‘ட்ஸுவோ4’: மலை, பாலம், கலங்கரை விளக்கம் (தங்1 த்ஹா3). கட்டியாக இருப்பதற்கு ‘க்ஹுவாய்4’: கல். ஆம், விலையில் வந்த அதே க்ஹுவாய்தான். பறவைக்கு ‘ஜ்ழ்1’. ஜான்ச்சியாவின் முனையில் நின்று கொண்டு ஒருமுறை சுற்றிப் பார்த்தால், எதிர்த் தீவின் கலங்கரை விளக்கம், பாலம், படகு, பாறை, பறவை எல்லாம் ஒரே இடத்தில் கண்ணுக்குள் வந்துவிடும். எது என்று நினைவுக்கு வராவிட்டால் ‘கெ4’ என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

வாக்கியக் கடைசியில் வரும் ‘ல’ இறந்தகாலமா?

இறந்தகாலம் என்று நினைத்துக்கொண்டால் பின்னால் தொல்லைப்படுவீர்கள். நிலைமை மாறிவிட்டது என்பதையே கடைசியில் வரும் ‘ல’ பெரும்பாலும் காட்டுகிறது. கடற்கரையில் இதை நேரில் பார்க்கலாம். ‘த்ஹுவே4 ச்ஹாவ்2 ல’: கடல் இறங்கத் தொடங்கிவிட்டது. உடனே வாளியும் கரண்டியுமாக ஆட்கள் பாறைகளுக்கு இறங்குவார்கள். அந்த வேலைக்கு ‘கான்3 ஹாய்3’ என்று பெயர். ‘ஜாங்3 ச்ஹாவ்2 ல’: கடல் ஏறத் தொடங்கிவிட்டது. ‘ச்ஹி3 ஃபங்1 ல’: காற்று கிளம்பிவிட்டது. ‘ஷியா4 யூ3 ல’: மழை வந்துவிட்டது.

பாருங்கள், தமிழில் எல்லாமே ‘விட்டது’ என்றுதான் முடிகின்றன. இந்த ‘விடு’ உங்களைப் பெருமளவு காப்பாற்றும். இல்லை என்பதோடு சேர்ந்தால் ‘இனி இல்லை’ என்று பொருள்: ‘பு4 யுவான்3 ல’, இனித் தூரமில்லை. களைத்துப் போனவரிடம் சொல்ல ஏற்றது.

மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?

மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் செயலியைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். நடைபாதையில் அதைப் பைக்குள் வையுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இருவருக்கு இடையே பேச்சு வளராது. காதில் பாடத்தை ஓடவிட்டுக்கொண்டு நடப்பதையும் நான் ஆதரிக்கவில்லை. பக்கத்தில் உண்மையான மனிதர்கள் உண்மையான சீனத்தைப் பேசிக்கொண்டு போகிறார்கள்.

மறுநாளே பாதி மறந்துவிடுகிறது.

அதே பாதையில் எதிர்த்திசையில் நடங்கள். இப்போது கடல் இடக்கைப் பக்கம் வந்துவிடும். ஆனால் தெற்கு தெற்குதான். வலது (யோ4) என்பதையும் தெற்கு (நான்2) என்பதையும் ஒட்டவைத்துக்கொண்டவர்களுக்கு அந்த ஒட்டு அங்கே பிரிந்துவிடும். சொல் கற்ற இடம் வரும்போது அச்சொல் தானே நினைவுக்கு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் குறிப்பைத் திறக்காமல் அங்கேயே யாரிடமாவது ‘ஜெ4 ஷ்ழ்4 ஷென்2 மெ’ கேளுங்கள்.

மே நான்கு சதுக்கத்தில் 30 மீட்டர் உயரச் சிவப்புச் சிற்பம் ஒன்று சுழல்காற்றைப் போல நிற்கிறது. அதன் பெயர் ‘ஊ3 யுவே4 த ஃபங்1’: ஐந்து, மாதம், உடைய, காற்று. 1919 மே 4 அன்று எழுந்த மாணவர் போராட்டத்துக்கு, இந்த ஊர் வெளிநாட்டார் கையில் இருந்ததும் ஒரு காரணம். சதுக்கத்தின் பெயர் அதிலிருந்து வந்தது. மாதங்களையும் எண்களையும் மறப்பவர்களை நான் அந்தச் சிற்பத்தின் கீழே நிறுத்தித்தான் சொல்லச் சொல்வேன்.

எந்தப் பருவத்தில் வருவது நல்லது?

செப்டம்பர், அக்டோபர். கோடையில் கூட்டம் அதிகம். பேச ஆள் கிடைப்பார்கள், நிற்க இடம் கிடைக்காது. கோடையில் கரையில் பச்சைப் புல்வெளியைப் போல ஒதுங்கிக் கிடப்பது ‘ஹு3 த்ஹாய்2’ என்ற கடற்பாசி. 2008 ஒலிம்பிக் படகுப் போட்டிகளுக்கு முன்பு பெருமளவில் வந்ததிலிருந்து அது ஊரறிந்த சொல். வசந்தத்தின் கடைசியில் மூடுபனி (வூ4) கடலையே மறைத்துவிடும் நாட்களும் உண்டு.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய எச்சரிக்கைச் சொற்கள் எவை?

இவற்றை நடந்து கற்கக் காத்திருக்க வேண்டாம். முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள். ‘வே1 ஷியென்3’ (ஆபத்து), ‘ஷியாவ்3 ஷின்1’ (கவனம்), ‘ஜின்4 ஜ்ழ்3’ (தடை), ‘ஜியு4 மிங்4’ (காப்பாற்றுங்கள்). பலகையில் தடை என்ற சொல்லுக்குப் பின் மூன்று துளி உள்ள எழுத்துகள் வந்தால், பெரும்பாலும் அங்கே நீந்தக் கூடாது. காவல் 110, தீயணைப்பு 119, ஆம்புலன்ஸ் 120.

பாதையைவிட்டுப் பாறைகளில் இறங்குகிறவர்கள் ‘ஜாங்3 ச்ஹாவ்2’ என்ற குரலைக் கேட்டதும் மேலே ஏறிவிட வேண்டும். இங்கே கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. நேரம் தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று நின்ற பாறையில் இன்று அதே நேரத்தில் நிற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

நான் இருப்பது வேறு ஊர். இதே முறையை அங்கேயும் செய்யலாமா?

வட சீனத்தின் தாலியான் கடற்கரைச் சாலையில் செய்யலாம். தெற்கே ஷியாமென் தீவைச் சுற்றும் சாலையிலும் செய்யலாம்; ஆனால் அங்கே கரை வளைந்துகொண்டே போவதால் கடலை வைத்துத் திசை கற்கும் முறை பலிக்காது. முன், பின், இடது, வலது என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹாங்காங்கின் மலையோரக் கடற்பாதைகள் மிக அழகானவை, ஆயினும் அங்கே மக்கள் பேசுவது கான்டனீஸ். தொனிகளும் சொற்களின் ஒலியும் வேறு, ஆகவே இந்தப் பக்கத்தின் உச்சரிப்புகள் உதவாது. பலகைகளில் மரபுவழி எழுத்து வடிவங்களைப் பார்ப்பீர்கள்; மூன்று துளிகள் அங்கேயும் அதே இடத்தில்தான் இருக்கும்.